"டுபாயில் வரி இல்லையாம்!" நாடுகளின் வரிக் கணக்கும் நமது கடைக் கணக்கும்

பதுளை பஸாரில் வியாபாரிகள் நாலு பேர் கூடினால் இப்போதெல்லாம் இரண்டு பேச்சுத்தான். ஒன்று கடன் கொப்பி. மற்றது வரி. வரிப் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் டுபாயில் போய்த்தான் முடியும். "அங்கே வரி என்பதே கிடையாது நானா, நம் நாட்டில்தான் இப்படி உரிக்கிறார்கள்" என்று ஒருவர் சொல்வார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். பிறகு தேநீரைக் குடித்துவிட்டு அவரவர் கடைக்குப் போய்விடுவார்கள்.

இந்தப் பேச்சில் பாதி உண்மை, பாதி கேள்விப்பட்டது. பிற நாடுகளில் உண்மையாகவே எவ்வளவு வரி, நமது நாட்டில் எவ்வளவு, அதில் யார் எவ்வளவு சுமக்கிறார் என்பதைக் கணக்கோடு பார்த்தால்தான் நாம் எதைக் கேட்டுப் போராட வேண்டும், எதை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பது விளங்கும். இந்த வாரம் அதைத்தான் எழுதுகிறேன்.

மூன்று வகை வரி

வரி என்று மொத்தமாகச் சொன்னாலும் ஒரு வியாபாரியைத் தொடுவது முக்கியமாக மூன்று. முதலாவது, தனி மனிதனின் வருமான வரி. இரண்டாவது, கம்பனியின் இலாபத்தில் எடுக்கும் வரி. மூன்றாவது, பொருளை விற்கும்போது விலையோடு சேர்ந்து போகும் வரி. இந்த மூன்றாவதைத்தான் நாம் 'வற்' என்கிறோம். இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் ஜீ.எஸ்.டீ. என்பார்கள்.

ஒரு நாட்டில் முதல் இரண்டும் குறைவாக இருந்தால் மூன்றாவது அதிகமாக இருக்கக்கூடும். ஐரோப்பாவில் ஹங்கேரியைப் பாருங்கள். அங்கே கம்பனி வரி 9 சதவீதம்தான். ஐரோப்பிய ஒன்றியத்திலேயே அதுதான் குறைவு. ஆனால் அதே ஹங்கேரியில் வற் வரி 27 சதவீதம். அந்த ஒன்றியத்தில் அதுதான் அதிகம். முதலாளியிடம் விட்டதை வாடிக்கையாளரிடம் பிடித்துவிடுகிறார்கள். ஆகவே ஒரு வீதத்தை மட்டும் பார்த்து ஒரு நாட்டைப் புகழ்வது, தராசில் ஒரு தட்டை மட்டும் பார்த்து எடை சொல்வது போன்றது.

வளைகுடாவின் இன்றைய நிலை

நமது பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வேலை செய்யும் இடம் என்பதால் வளைகுடாவை முதலில் எடுத்துக்கொள்வோம். ஐக்கிய அரபு இராச்சியத்தில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. இது உண்மை. ஆனால் 2018 ஜனவரி முதல் அங்கே 5 சதவீத வற் வரி உண்டு. 2023 ஜூன் முதலாம் திகதிக்குப் பின் தொடங்கும் கணக்காண்டுகளுக்குக் கம்பனி வரியும் வந்துவிட்டது. 375,000 திர்ஹம் வரையான இலாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 9 சதவீதம். உலகெங்கும் கிளை வைத்திருக்கும் பெரிய கம்பனிகளுக்கு 2025 முதல் 15 சதவீதம். "டுபாயில் வரியே இல்லை" என்ற பேச்சு ஏழெட்டு வருடம் பழையது.

சவூதி அரேபியாவில் 2018இல் 5 சதவீதமாகத் தொடங்கிய வற், 2020 ஜூலை முதலாம் திகதி ஒரேயடியாக 15 சதவீதமானது. எண்ணெய் விலை விழுந்து கொரோனாவும் வந்த காலம் அது. சவூதியருக்குச் சொந்தமான வியாபாரத்தில் ஸகாத் 2.5 சதவீதம் அரசாங்கமே அறவிடுகிறது. வெளிநாட்டாரின் பங்குக்கு 20 சதவீத வருமான வரி. சம்பளத்துக்கு வரி இல்லையென்றாலும், குடும்பத்தைக் கூட வைத்திருக்கும் வெளிநாட்டு ஊழியர் ஒவ்வொரு ஆளுக்கும் மாதக் கட்டணம் கட்ட வேண்டும் என்று 2017இல் கொண்டுவந்தார்கள். 100 ரியாலில் ஆரம்பித்து 2020இல் அது 400 ரியாலானது. பெயர் கட்டணம், வேலை வரியின் வேலை. அந்தக் கட்டணம் தாங்காமல் மனைவி மக்களை ஊருக்கு அனுப்பியவர்களை நாம் எல்லோரும் அறிவோம்.

பஹ்ரைன் 2022இல் வற் வரியை 10 சதவீதமாக இரட்டிப்பாக்கியது. ஓமானில் 2021 முதல் 5 சதவீத வற் இருக்கிறது. அதோடு, 2028 முதல் ஆண்டுக்கு 42,000 ரியாலுக்கு மேல் வருமானம் உள்ளவர்களிடம் 5 சதவீத வருமான வரி எடுக்கப்போவதாக 2025இல் அந்த நாடு சட்டம் போட்டது. வளைகுடாவில் தனி மனித வருமான வரி வருவது இதுவே முதல் தடவை. எண்ணெய்க் கிணறு உள்ளவனே வரிப் பக்கம் திரும்பும்போது, கிணறே இல்லாத நாம் வரி இல்லாமல் நாடு நடத்தலாம் என்று நினைப்பது எப்படி?

மற்ற நாடுகள் ஒரே பார்வையில்

சிங்கப்பூர்: கம்பனி வரி 17 சதவீதம். வருமான வரி ஆகக்கூடியது 24 சதவீதம். விற்பனை வரி 1994இல் 3 சதவீதமாக ஆரம்பித்து, 2024 முதல் 9 சதவீதம்.

மலேசியா: கம்பனி வரி 24 சதவீதம். 2015இல் 6 சதவீத ஜீ.எஸ்.டீ. கொண்டுவந்து, 2018இல் ஆட்சி மாறியதும் நீக்கி, பழைய விற்பனை வரிக்கும் சேவை வரிக்கும் திரும்பினார்கள்.

இந்தியா: புதிய முறையில் உள்நாட்டுக் கம்பனிக்கு 22 சதவீதம், மேலதிக வரியும் செஸ்ஸும் சேர்ந்து சுமார் 25 சதவீதம். ஜீ.எஸ்.டீ. 2017 ஜூலையில் வந்தது. 2025 செப்டெம்பர் 22 முதல் பெரும்பாலான பொருள்களுக்கு 5, 18 என்ற இரண்டு வீதங்கள்.

பாகிஸ்தான்: விற்பனை வரி 18 சதவீதம். பங்களாதேஷ்: வற் 15 சதவீதம்.

பிரித்தானியா: வற் 20 சதவீதம். கம்பனி வரி 25 சதவீதம், ஆனால் 50,000 பவுண் வரை இலாபம் காணும் சிறு கம்பனிக்கு 19 சதவீதம். வருமான வரி ஆகக்கூடியது 45 சதவீதம்.

அமெரிக்கா: கம்பனி வரி 2018இல் 35 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாக இறங்கியது. நாடு முழுவதற்குமான வற் இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் விற்பனை வரி மாறும்.

இலங்கை: கம்பனி வரி 30 சதவீதம், வருமான வரி ஆகக்கூடியது 36 சதவீதம், வற் 18 சதவீதம், அதற்கு மேல் 2.5 சதவீத சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு அறவீடு.

இந்தப் பட்டியலைப் பார்த்தால், நமது வீதங்கள் உலகத்தில் ஆகக்கூடியவையும் அல்ல, குறைந்தவையும் அல்ல. ஆனால் பக்கத்து நாடுகளை விட இப்போது நாம் கொஞ்சம் மேலே நிற்கிறோம் என்பது சரி.

ஏறி இறங்கி ஏறிய வரி

வியாபாரிக்கு வரி உயர்வது ஒரு கஷ்டம். அதை விடக் கஷ்டம், அது நிலையில்லாமல் ஆடுவது. 1998 ஏப்ரலில் பழைய புரள்வு வரியை எடுத்துவிட்டு 12.5 சதவீத ஜீ.எஸ்.டீ. கொண்டுவந்தார்கள். 2002 ஓகஸ்டில் அது வற் ஆனது. 10, 20 என்று இரண்டு வீதம். 2004இல் ஒரே வீதமாக 15. பிறகு மறுபடியும் பல வீதங்கள். 2011இல் 12. 2015இல் 11. 2016இல் 15. 2019 டிசம்பரில் 8. 2022 ஜூனில் 12, அதே ஆண்டு செப்டெம்பரில் 15. 2024 ஜனவரியில் 18. சிங்கப்பூர் முப்பது ஆண்டுகளில் 3இலிருந்து 9க்கு, முன்கூட்டியே சொல்லிச் சொல்லி ஏறியது. நாமோ ஏணியும் பாம்பும் விளையாடியிருக்கிறோம்.

2019 டிசம்பரில் நடந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். வற் வரியைப் பாதிக்குக் குறைத்தார்கள். தேச நிர்மாண வரியை நீக்கினார்கள். வருமான வரியில்லாத எல்லையை 30 இலட்சமாக்கினார்கள். வற் பதிவுக்கான வருட விற்பனை எல்லையை 12 மில்லியனிலிருந்து 300 மில்லியன் ரூபாவாக உயர்த்தினார்கள். அன்று பஸாரில் எல்லோருக்கும் சந்தோஷம். 2022இல் நாட்டின் வரி வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. கொரோனாவும் டொலர்த் தட்டுப்பாடும் சேர, அந்த ஆண்டு நாடு கடனைக் கட்ட முடியாமல் நின்றது. காஸ் வரிசையிலும் டீசல் வரிசையிலும் நின்றபோது நாம் கட்டிய விலை எந்த வரியை விடவும் அதிகம்.

பதினான்காம் நூற்றாண்டு அறிஞர் இப்னு கல்தூன், ஆட்சியின் தொடக்கத்தில் குறைந்த வரியால் நிறைந்த வருமானம் வரும் என்றும், முடிவில் கூடிய வரியால் குறைந்த வருமானமே வரும் என்றும் தமது 'முகத்திமா'வில் விளக்கியிருக்கிறார். வரிக் குறைப்புக்கு இதை நம்மவர்கள் அடிக்கடி ஆதாரம் காட்டுவார்கள். ஆனால் குறைந்த வரியை எல்லோரிடமும் நேர்மையாக வாங்கினால்தான் அந்தக் கணக்குச் சரிவரும். 2019இல் வீதத்தையும் குறைத்து, கட்டுகிறவர்களின் தொகையையும் குறைத்துவிட்டோம்.

ஒரே வருமானம், மூன்று கணக்கு

மாதம் 3 இலட்சம் ரூபா தெளிவான இலாபம் காணும் ஒரு தனி வியாபாரியை எடுத்துக்கொள்வோம். வருடத்துக்கு 36 இலட்சம்.

2020இல் இருந்த சட்டப்படி 30 இலட்சம் கழிவு. மிச்சம் 6 இலட்சத்துக்கு 6 சதவீதம். வரி 36,000 ரூபா.

2023 ஜனவரியில் வந்த சட்டப்படி 12 இலட்சம்தான் கழிவு. மிச்சம் 24 இலட்சம். ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் 6, 12, 18, 24, 30 என்று படி ஏறும். வரி 420,000 ரூபா.

2025 ஏப்ரல் முதல் கழிவு 18 இலட்சம். மிச்சம் 18 இலட்சத்தில் முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம், அடுத்த 5 இலட்சத்துக்கு 18, மீதி 3 இலட்சத்துக்கு 24. வரி 222,000 ரூபா. அதாவது மொத்த வருமானத்தில் 6 சதவீதத்துக்குச் சற்று மேல். "36 சதவீதம் பிடிக்கிறான்" என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த 36 கடைசிப் படிக்கு மட்டும்தான்.

இதே 36 இலட்சத்தை ஒரு தனியார் கம்பனி இலாபமாகக் காட்டினால், 30 சதவீதப்படி 1,080,000 ரூபா கட்ட வேண்டும். கழிவு கிடையாது. இலாபத்தைப் பங்குதாரருக்குப் பிரித்தால் அதில் இன்னொரு 15 சதவீதம். உரிமையாளர் தமக்கு நியாயமான சம்பளம் எடுத்து அதைச் செலவாகக் காட்டலாம் என்பது உண்மைதான். இருந்தாலும், பெயர்ப் பலகையில் 'பிறைவேட் லிமிட்டெட்' என்று போட்டால் அந்தஸ்து என்று நினைத்துக் கம்பனி ஆரம்பிப்பவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். முன்பு சிறு, நடுத்தரக் கம்பனிகளுக்கு 14 சதவீதம் என்ற சலுகை இருந்தது. 2022 ஒக்டோபரில் அது போய்விட்டது. பிரித்தானியா சிறு கம்பனிக்கு ஒரு வீதம் வைத்திருக்கிறது. டுபாய் முதல் 375,000 திர்ஹத்தை விட்டுவிடுகிறது. நமது சிறு கம்பனிக்கு அந்த நிழல் இல்லை. வர்த்தக சங்கங்கள் கேட்க வேண்டிய நியாயமான கோரிக்கை இது.

லயத்தில் இருப்பவர் கட்டும் வரி

இனி தோட்டப் பக்கம் வருவோம். பசறை, நமுனுகுல, ஹாலிஎல, தெமோதரை, ஹப்புத்தளை என்று நமது வியாபாரத்தின் பெரும் பங்கு தோட்டத் தொழிலாளியின் சம்பளத்தில் நிற்கிறது. "தோட்டத்து ஆள்கள் வரி கட்டுவதில்லை" என்று பேசுகிறவர்கள் உண்டு. அது தவறு.

2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் 1,750 ரூபா அறிவிக்கப்பட்டது. இந்தக் கூடிய தொகையையே எடுத்து, மாதம் 25 நாள் வேலை கிடைத்தது என்று வைத்தாலும் 43,750 ரூபா. வருமான வரி ஆரம்பிப்பது மாதம் 150,000 ரூபாவுக்கு மேல். ஆகவே வருமான வரி இல்லை. ஆனால் அந்தக் குடும்பம் சவர்க்காரம், பிஸ்கட், பற்பசை, உடுதுணி, தொலைபேசி அட்டை என்று மாதம் 10,000 ரூபாவுக்கு வற் உள்ள பொருள்களை வாங்கினால், சில்லறைக் கடைக்காரரின் சிறு இலாபத்தைக் கழித்துப் பார்த்தாலும் சுமார் 1,400 ரூபா வரியாகப் போகிறது. கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க மலையேறிக் கொழுந்து பறித்த கூலி. டீசலுக்கும் காஸுக்கும் 2024 ஜனவரி முதல் வற் வந்ததால் லொறிக் கூலியிலும் அது ஏறி, அரிசி மூட்டையின் விலையிலும் மறைமுகமாக வந்து உட்கார்ந்துவிட்டது.

சீனியைப் பாருங்கள். இறக்குமதிச் சீனிக்குக் கிலோவுக்கு 50 ரூபாவாக இருந்த விசேட வர்த்தகப் பண்ட அறவீட்டை 2020 ஒக்டோபரில் 25 சதமாக்கினார்கள். கடை விலை அந்த அளவுக்கு இறங்கவில்லை. இலாபம் எங்கே தங்கியது என்று நாடே கேட்டது. 2023 நவம்பரில் அதை மறுபடியும் 50 ரூபாவாக்கினார்கள். அன்று மட்டும் விலை உடனே ஏறியது. மறுபக்கம், இதே அறவீடு உருளைக்கிழங்கில் வெலிமடை விவசாயிக்கு வேலியாக நிற்கிறது. அறுவடைக் காலத்தில் இறக்குமதிக் கிழங்குக்கு அறவீட்டை உயர்த்துவார்கள். அப்போது வெலிமடையில் சிரிப்பார்கள், லயத்தில் முணுமுணுப்பார்கள். ஒரே வரி ஊவாவின் ஒரு மலைக்கு மருந்து, அடுத்த மலைக்குச் சுமை.

பிரித்தானியாவில் வற் 20 சதவீதம் என்றாலும் பெரும்பாலான உணவுப் பொருளுக்கும் பிள்ளைகளின் உடுப்புக்கும் பூச்சியம். இந்தியா 2025 செப்டெம்பரில் சவர்க்காரம், பற்பசை, தலைமுடி எண்ணெய், பிஸ்கட் ஆகியவற்றை 5 சதவீதத்துக்கு இறக்கியது. தமிழ்நாட்டில் 5 சதவீத வரியோடு விற்கும் சவர்க்காரக் கட்டிக்கு பதுளையில் 18 சதவீதம். பிற நாட்டோடு ஒப்பிடுவதென்றால் டுபாயை விட்டுவிட்டு இதை ஒப்பிடுவோம். ஏழை அன்றாடம் வாங்கும் பொருளுக்குக் குறைந்த வீதம் வேண்டும் என்று கேட்போம். அது நமது வாடிக்கையாளருக்காகக் கேட்பது. நமக்காகக் கேட்பதும் அதுதான்.

எல்லைக் கோட்டில் நிற்கும் கடைகள்

இப்போது நமது பகுதி வியாபாரிகள் பலருக்குத் தூக்கம் கெடுவது வற் பதிவு எல்லையால். 300 மில்லியனாக இருந்தது 2022 ஒக்டோபரில் 80 மில்லியனாகி, 2024 ஜனவரியில் 60 மில்லியனானது. 2025 நவம்பரில் சமர்ப்பித்த வரவுசெலவுத் திட்டத்தில் அதை 36 மில்லியனாக்கும் யோசனையை முன்வைத்தார்கள். 60 மில்லியன் என்றால் நாளொன்றுக்கு சுமார் 165,000 ரூபா விற்பனை. 36 மில்லியன் என்றால் ஒரு இலட்சத்துக்கும் சற்றுக் கீழே. பலசரக்கு மொத்தக் கடைக்கு இது பெரிய விற்பனை அல்ல. விற்பனை பெரிது, இலாபம் சிறிது என்ற வியாபாரம் இது.

பதிவு செய்தால் என்ன ஆகும்? ஒரு பெட்டி சாமான் 10,000 ரூபா, வற் 1,800. மொத்தம் 11,800. பதிவில்லாத கடைக்காரர் 12,500க்கு விற்றால் இலாபம் 700. பதிவுள்ளவர் அதே 12,500க்கு விற்றால் அதில் வற் சுமார் 1,907. வாங்கும்போது கட்டிய 1,800ஐக் கழித்து 107 ரூபாதான் திணைக்களத்துக்கு. இலாபம் 593. பயந்த அளவுக்குப் பெரிய இழப்பு இல்லை. ஆனால் வாங்கிய சாமானுக்கு முறையான வற் பில் இல்லாவிட்டால் அந்த 1,800ஐக் கழிக்க முடியாது. முழு 1,907ம் கையிலிருந்து போகும். கொழும்பில் "பில் இல்லாமல் எடுத்தால் குறைத்துத் தருகிறேன்" என்பவரின் சரக்கு பதிவுள்ள கடைக்கு நஷ்டச் சரக்கு.

உண்மையான சிரமம் வேறு இரண்டு இடத்தில். ஒன்று, சமூகப் பாதுகாப்பு அறவீட்டுக்கு இந்தக் கழிவு முறை இல்லை. இறக்குமதியாளர், மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி என்று கைமாறும் இடமெல்லாம் வரிக்கு மேல் வரி ஏறும். இரண்டாவது கடன். தோட்டத்துக் கடைகளுக்குச் சம்பள நாள் வரை கடனுக்குத்தான் சாமான் போகிறது. பில் போட்டவுடன் வற் கணக்கில் ஏறிவிடும். பணம் வரும் வரை திணைக்களம் பொறுத்திருக்காது. இன்னும் கைக்கு வராத காசுக்கு வரி கட்ட வேண்டிய நிலை. சிறு பதிவாளர்களுக்குப் பணம் கிடைத்த பின் வற் கட்டும் முறை பிரித்தானியாவில் இருக்கிறது. இங்கேயும் அதைக் கேட்கலாம்.

இதைத் தவிர்க்க ஒரு கடையைத் தம்பி பேரில் பாதி, மனைவி பேரில் பாதி என்று பிரித்து எழுதும் யோசனையைச் சிலர் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஒரே கல்லாப்பெட்டி, ஒரே களஞ்சியம், இரண்டு பெயர் என்றால் விசாரணையில் நிற்காது. இன்னும் மோசமானது, பதிவே இல்லாமல் பில்லில் 'வற்' என்று சேர்த்து வாங்குவது. சட்டத்தில் அது குற்றம். மார்க்கத்தில் அது அடுத்தவரின் பணம்.

ஸகாத்தும் வரியும்

"ஸகாத் கொடுக்கிறோமே, வரியும் ஏன்?" என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு. ஸகாத் நிஸாபை அடைந்த செல்வத்தில் எட்டு வகையினருக்குச் சேர வேண்டிய இபாதத். வரி, வீதிக்கும் பாடசாலைக்கும் பதுளை ஆஸ்பத்திரிக்கும் போவது. மலேசியாவில் தனி மனிதர் கொடுக்கும் ஸகாத்தை வருமான வரியில் கழிக்கச் சட்டம் இடம் தருகிறது. நமது நாட்டில் அப்படிக் கழிவு கிடையாது.

ஆனால் ஸகாத்திலிருந்து அரசாங்கங்கள் கற்க ஒரு பாடம் உண்டு. மழையில் விளைந்த பயிருக்குப் பத்தில் ஒன்று. பாடுபட்டு நீர் இறைத்து விளைவித்ததற்கு இருபதில் ஒன்று. நிஸாபுக்குக் கீழே இருப்பவருக்கு ஒன்றுமில்லை. வீதம் நூற்றாண்டு கடந்தும் மாறுவதில்லை. கஷ்டத்தைப் பார்த்து வீதம், இல்லாதவருக்கு விலக்கு, நிலையான சட்டம். எந்த நாட்டு வரிக்கும் இந்த மூன்றும் உரைகல்.

நாம் செய்ய வேண்டியது

அரசாங்கத்திடம் கேட்பது ஒரு பக்கம் இருக்கட்டும். கடைக்குள் நாம் செய்யக்கூடியவை உண்டு. தினசரி விற்பனையை எழுதுங்கள், பன்னிரண்டு மாதக் கூட்டலை ஒவ்வொரு மாதமும் பாருங்கள், எல்லை நெருங்குவது முன்கூட்டியே தெரியும். வாங்கும் சாமானுக்குப் பில் கேளுங்கள். கடன் கொப்பியையும் கணக்கில் சேருங்கள். வருட முடிவில் ஒரு நல்ல கணக்காளரிடம் போங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி அபராதத்தை விடக் குறைவு. ஸகாத்துக்காக வருடா வருடம் சரக்கு எண்ணுகிறவருக்கு இது புதிய வேலையும் அல்ல. பாதிக் கணக்கு ஏற்கனவே கையில் இருக்கிறது.

நமது முன்னோர் தவள மாட்டில் உப்பும் துணியும் ஏற்றி இந்த மலைக்கு வந்தார்கள். அவர்களை இங்கே நிலைக்க வைத்தது அவர்களின் நாணயம். மலை நாட்டில் முஸ்லிம் கடை என்றால் அளவும் சரி, கணக்கும் சரி என்ற பேர் அப்படித்தான் வந்தது. வரி விடயத்திலும் அந்தப் பேரைக் காப்பாற்றிக்கொண்டு, அநியாயமான இடத்தைக் கணக்கோடு சுட்டிக்காட்டினால் நமது பேச்சுக்கு மதிப்பு இருக்கும். நமது வியாபாரங்களில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.